செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் கொல்கத்தா வாழ் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

சித்திரைத் திருநாள், நவராத்திரிக் கொலு, பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. பொங்கலன்று சாப்பாடு போதவில்லை என்ற புகாரைச் செயற்குழு விவாதித்தது. சிறுவர் தமிழ் வகுப்பு தொடர்கிறது.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி, கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் நினைவுச் சொற்பொழிவு. முன்மொழிந்தவன் நான். "தமிழ்ச் சங்கத்தில் இவருக்கு என்ன வேலை?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அப்போது முழுசாகப் பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆசுதோஷ் 1864இல் இதே ஊரில் பிறந்தவர். கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1881இல், யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்கு இவர் எழுதிய நிரூபணம் இங்கிலாந்துக் கணித இதழில் வெளிவந்தது. பிறகு கூம்பு வெட்டுகளுக்கான (வட்டம், நீள்வட்டம் போன்ற வளைவுகள்) வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றுக்கு வடிவியல் விளக்கம் கண்டார். கணிதத்திலேயே இருந்திருக்க வேண்டிய ஆள். ஆனால் அன்றைய கல்கத்தாப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்ததே தவிர, ஆராய்ச்சிக்கு அங்கே பேராசிரியர் நாற்காலி கிடையாது. சட்டம் படித்தார், 1904இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1906இல் துணைவேந்தர் பதவி வந்தது. அது சம்பளமில்லாத பதவி. நீதிமன்ற வேலையையும் பார்த்துக்கொண்டுதான் பல்கலைக்கழகத்தையும் பார்த்தார். சங்கச் செயலாளராக இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தனக்குக் கிடைக்காத நாற்காலிகளை மற்றவர்களுக்காக உண்டாக்கினார். 1908இல் கல்கத்தா கணிதக் கழகத்தைத் தொடங்கி, சாகும்வரை தலைவராக இருந்தார். ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கு 1914இல் அடிக்கல் நட்டார். பணம் அரசிடமிருந்து வந்ததைவிட தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்களிடமிருந்துதான் பெரிதாக வந்தது. கோஷ் 1913இல் கொடுத்தது மட்டும் 10 லட்சம். நாம் கறிவேப்பிலை வாங்கப் போகும் ராஷ்பிகாரி அவென்யூ அவர் பெயரில்தான் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி தமிழர் விஷயத்துக்கு வருகிறேன். நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி. ராமனை, பாலித் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவிக்கு அழைத்தவர் ஆசுதோஷ். வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனைக்கு ராமன் மசியவில்லை. நிபந்தனையைத் தளர்த்தினார்கள். 1917இல் ராமன் குறைந்த சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார். மைசூரில் இருந்த ராதாகிருஷ்ணனை 1921இல் தத்துவத்துறைக்குக் கொண்டுவந்தவரும் இவரே. கேள்வி கேட்டவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அவர் மறைந்து நூறு ஆண்டு நிறைந்தது 2024 மே 25. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வைத்தோம்; ரேமல் புயல் வந்தது. சரி, பிறந்த நாளான ஜூன் 29க்கு மாற்றினோம். அன்றைக்குப் பார்த்து டி20 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் தொடங்கியது இரவு 8 மணிக்கு, சொற்பொழிவு மாலை 5 மணிக்கு. ஆட்டத்தைக் காரணம் சொன்னவர்கள் நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் வங்காள மொழியில் அருமையாகப் பேசினார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அது நீண்டுவிட்டது என்றவர்கள் பாதியில் எழுந்து போனவர்கள். முழு நீளம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், செலவு வரவைக் கொஞ்சம் தாண்டியது. பழைய இருப்பிலிருந்து சமாளித்தோம். தணிக்கையாளர் கேட்ட சில ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மேடையில் தன் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், பேச்சாளரையும் தானே முடிவு செய்வேன் என்று ஒருவர் நன்கொடை தர முன்வந்தார். மறுத்துவிட்டோம். 1922இல் பல்கலைக்கழகம் கடும் பணமுடையில் இருந்தபோது, அரசு நிபந்தனைகளோடு தர வந்த இரண்டரை லட்சத்தை ஆசுதோஷ் வேண்டாம் என்றார். நாம் மறுத்தது அவ்வளவு பெரிய தொகை இல்லை என்பது எனக்கும் தெரியும். இதனால் சங்கத்துக்கு நட்டம் என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் சந்தா பாக்கியைக் கட்டட்டும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, வாசிக்கப்போவதில்லை. அதில் முன்னாள் செயற்குழுவினரும் உண்டு.

மண்டபம் தந்தவர்களுக்கும், சமையல் குழுவுக்கும், மகளிர் அணிக்கும், அச்சகத்தாருக்கும் நன்றி.

அடுத்து ஒன்று. 2028 பிப்ரவரி 28, ஒளிச்சிதறல் பற்றிய ராமனின் கண்டுபிடிப்பான ராமன் விளைவின் நூற்றாண்டு. அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது இந்த ஊரில், பௌபஜார் தெருவில். தமிழ்ச் சங்கம் அன்று சும்மா இருக்க முடியாது. இப்போதே ஒரு நிதி தொடங்க வேண்டும். நம் சங்கத்திலும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. இந்தப் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பார். காபி அவரைத் தாண்டி அடுத்த மேசையில்.

செயலாளர்