கறுப்புக் கோட்டிங்குக்கு இப்போது சம்மதிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் நீ அழுதுவிடுவாய், நான் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் புதுக் காரில் துரு தெரிகிறது என்று நீ அனுப்பிய போட்டோக்களை நானும் அப்பாவும் ராத்திரி உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கதவுக்கு டச்சப் பண்ணி, அதாவது மேலாகப் பெயிண்ட் தொட்டு வைத்து, வண்டியின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் இலவசமாக அடித்துத் தருகிறோம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள், சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். சொல்லாதே. இருக்கிற குறையை எழுதி வாங்கி, அதைச் சரிசெய்து முடித்த பிறகு கோட்டிங்கைப் பற்றிப் பேசுவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

ஏன் என்று சொல்கிறேன். நீளமாக இருக்கும், மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில், நீ பயப்பட வேண்டாதவை. பிரேக் டிஸ்க்கில் பழுப்பு ஏறியிருப்பது ஒன்றுமே இல்லை, மழையில் நனைந்து ஒரு ராத்திரி நின்றாலே வரும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். சைலன்சர் பைப்பிலும் போல்ட் தலைகளிலும் இருப்பது மேல்துரு, கடற்கரை ஊரில் எந்தப் புது வண்டிக்கும் வருவது. பானட்டில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அதை நகத்தால் மெதுவாகத் தடவிப் பார். சொரசொரவென்று மேலே ஒட்டியிருந்தால் அது காற்றில் வந்த இரும்புத் தூள். ரயில் பாதைக்குப் பக்கத்திலோ வெல்டிங், கிரைண்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலோ வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் இப்படிப் படியும், வெள்ளை வண்டியில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கென்றே இருக்கிற கிளீனரும், அழுக்கை ஒற்றி எடுக்கிற களிமண் மாதிரியான கிளே பாரும் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். இதற்காக பானட்டுக்கே பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்றால் விடாதே.

விஷயம் அந்த இடது பின்கதவுதான். கீழ் விளிம்பில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் வந்திருக்கிறது, அதில் ஒன்று வெடித்து, அங்கிருந்து பழுப்பாக ஒரு கோடு வடிந்திருக்கிறது. அப்பா அந்தப் போட்டோவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கதவு என்பது ஒரே தகடு இல்லை பாப்பா. வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அமுக்கியிருப்பார்கள், அந்த மடிப்பின் ஓரத்தில், தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை, சீலர் என்பார்கள், அது ஓடும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறக் கீழே சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். மடிப்பில் சீலர் சரியாகப் பிடிக்காமல் போனால் தண்ணீர் உள்ளேயே தங்கி, துரு அங்கே பிடித்து, தகட்டைத் தின்றுகொண்டே வந்து கடைசியில்தான் வெளியே பெயிண்டைத் தூக்கும். நீ பார்க்கிற கொப்புளம் அந்தக் கடைசிக் கட்டம். அதன் மேல் பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கிளம்பும். வாங்கி ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியாத வண்டி இது.

கம்பெனியில் பெயிண்ட் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். வெல்டிங் முடிந்த வெறும் கூட்டை முதலில் கழுவி பாஸ்பேட் குளியல் கொடுத்து, அப்புறம் ஒரு பெரிய தொட்டிக்குள் அப்படியே முக்கி, கரண்ட் வைத்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சை ஏற்றுவார்கள். ஈ.டி. கோட் என்று சொல்வது அதைத்தான். சுமார் 20 மைக்ரான் கனம்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்), ஆனால் கை போகாத சந்துக்குள்ளும் போய்ப் பிடிக்கும். அதை 170 டிகிரி வாக்கில் சுட்டு எடுத்துவிட்டு, சீலர், மேடுபள்ளத்தை நிரவுகிற சர்ஃபேசர், கலர், கடைசியாக நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் என்று மேலே ஏற்றுவார்கள். எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும், அதாவது இரண்டு தலைமுடிக் கனம். நம் பட்டறையில் ஓடுகிற வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது, வயரும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும், பெயிண்ட் அடிக்கிற பூத்தில் 60 டிகிரி வைப்போம். அப்பா கை எவ்வளவு சுத்தம் என்று ஊருக்கே தெரியும், அவரே சொல்வார், முதல் பெயிண்ட் முதல் பெயிண்ட்தான் என்று. அதனால் தேவையில்லாத இடத்தில் ஒரு அங்குலம்கூட மறுபெயிண்ட் அடிக்க விடாதே, தேவையான இடத்தில் அரைகுறையாக அடிக்கவும் விடாதே.

அந்தக் கதவை என்ன செய்வது என்றால், துரு வெளியிலிருந்து வந்திருந்தால் வெறும் இரும்பு வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர், சீலர், கலர், கிளியர் என்று வரிசையாகப் போகலாம். மடிப்புக்குள்ளிருந்து வந்திருந்தால் புதுக் கதவு கேள். ஸ்பேராக வரும் கதவும் ஈ.டி. கோட் ஏறித்தான் வரும், அதில் கலர் அடிப்பது இந்தக் கதவைச் சுரண்டி அடிப்பதைவிட எவ்வளவோ மேல். எதுவானாலும் உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே அடித்த பிறகுதான் கதவின் உள்பக்க மூடியை, டோர் டிரிம்மை, மாட்ட வேண்டும். அப்புறம், உன் வண்டி பேர்ல் வெள்ளை. அத்தனை வருஷம் பெயிண்ட் கடையில் கலர் கலந்தவள் சொல்கிறேன், வெள்ளையிலேயே கஷ்டமானது இதுதான். அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு, நடு அடுக்கு ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் வெயிலில் கதவு தனியாகத் தெரியும். கோட் நம்பரை வைத்துக் கலந்தால் மட்டும் போதாது, ஒரு துண்டுத் தகட்டில் அடித்து வண்டி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பேனல் வரைக்கும் இழைத்துவிட வேண்டும். வேலை முடிந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதே, காலை வெயிலில் வெளியே நிறுத்திப் பார்.

இப்போது அடிப்பக்கம். பின்சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் ஒரு சாண் நீளத்துக்கு சீலரே ஓடவில்லை, சாம்பல் நிறத்தில் பிரைமர் அப்படியே தெரிகிறது, ஜாயின்ட்டில் துரு ஆரம்பித்திருக்கிறது. இதன் மேல்தான் அவர்கள் கறுப்பு அடிக்கிறேன் என்கிறார்கள். கோட்டிங்கே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருவை எடுத்து, சீலர் ஓட்டிவிட்டு அடித்தால் கல்லடியிலிருந்து காப்பாற்றும், சத்தமும் குறையும். ஈரத்தின் மேலும் துருவின் மேலும் அடித்தால் அது துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். தார் மாதிரி கனமாக அடிப்பது நாளாக ஆக இறுகி வெடிக்கும், வெடிப்பு வழியாகப் போன தண்ணீர் காயவே காயாது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் பட்டறைக்கு ஒரு டாக்ஸி வந்ததே, உனக்கு நினைவிருக்கும். அடியில் பார்த்தால் கருகருவென்று புதுசாக இருந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவர் முனையை ஓரத்தில் வைத்து நெம்பினார், கோட்டிங் தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்தது, உள்ளே ஈரமாக, ஏடு ஏடாகத் துரு. பக்கவாட்டுப் பெட்டிச் சட்டத்தில் இருக்கிற தண்ணீர் ஓட்டைகளையும் அந்தக் கோட்டிங் அடைத்திருந்தது. ஒன்றைக் குத்தித் திறந்ததும் சேறும் தண்ணீருமாகக் கொட்டிற்று, வெள்ளம் வடிந்து எவ்வளவோ நாள் கழித்து. அந்த டிரைவர் கோட்டிங்குக்குப் பணம் கொடுத்து அடித்தவர், பாவம், வாய் திறக்காமல் நின்றார்.

திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாய். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையும், மழை பெய்யவே வேண்டாம். நம் உப்பளப் பக்கம் ஓடுகிற லாரிகளின் அடிப்பக்கத்தை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள், உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை. அதனால்தான் அந்த ஒரு சாண் இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி செய்ய வேண்டியது. ஷோரூமுக்குப் போகும்போது பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டரோடு வருகிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, பழைய வண்டி வாங்கி விற்கிறவர்களிடம் இருக்கும். நாலு கதவையும் அளக்கச் சொல். மற்றது எல்லாம் 120, 130 என்று காட்டி இந்தக் கதவு மட்டும் 250 மைக்ரானுக்கு மேல் காட்டினால் உன் கைக்கு வண்டி வருவதற்கு முன்னாலேயே இடிபட்டு அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 1000த்துக்குப் பக்கம் போனால் உள்ளே பள்ளத்தை நிரப்பின பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் அந்த மீட்டர் வேலை செய்யாது, அதைப் பார்த்துக் குழம்பாதே. அளவு எல்லாவற்றையும் மீட்டரும் கதவும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியிலும் எடு.

அப்புறம் டீலருக்கும் கார் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் எழுது. கோபம் வேண்டாம், எந்த இடம், எப்போது கண்ணில் பட்டது, என்ன செய்துதர வேண்டும், இவ்வளவு போதும். வாரண்டி புத்தகத்தில் பெயிண்டுக்கும் துருவுக்கும் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு எழுது. கல்லடி, பறவை எச்சம், உப்புக்காற்று இதையெல்லாம் வெளிக்காரணம் என்று கழித்துவிடப் பார்ப்பார்கள். மடிப்புக்குள்ளிருந்து வருகிற துருவும் ஓடாமல் விட்ட சீலரும் அந்தக் கணக்கில் வராது, அதை அழுத்திச் சொல்.

இன்சூரன்சில் போட்டு அடித்துத் தருகிறோம் என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசுவார்கள். வேண்டவே வேண்டாம். அது விபத்துக்கு உள்ளது, அவர்கள் குறையை உன் பாலிசியில் ஏற்றுகிற வேலை. முதல் வருஷம் கிளெய்ம் இல்லாமல் போனால் கிடைக்கிற 20 சதவீதத் தள்ளுபடியும் உனக்குப் போய்விடும்.

ஷோரூம்காரர்கள் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிவு செய். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். அதுவரை போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் உனக்குத் தெரிந்திருந்தால் பேசும்போது குரல் தாழாது.

அதுவரை வண்டியை அடிப்பக்கமும் சேர்த்து வெறும் தண்ணீரில் கழுவு, சக்கர வளைவுக்குள் பைப்பை நன்றாகக் காட்டு. ஈர வண்டி மேல் கவர் போடாதே, மண் இருக்கிற வண்டி மேலும் போடாதே. காக்கா எச்சம் பட்டால் சாயங்காலம் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே நனைத்து ஊறவிட்டுத் துடை, வெயிலில் அது கிளியரைத் தின்றுவிடும்.

முதல் சம்பளத்திலிருந்து சேர்த்துச் சேர்த்து வாங்கின வண்டி, உன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாதா? சின்ன விஷயத்துக்கு சண்டை போடுகிறாள் என்று அங்கே யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நீ கேட்பது உனக்கு வர வேண்டியது.

அடுத்த வாரம் வண்டியை வேலைக்கு விடும்போது, என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று எழுதுகிற ஜாப் கார்டை வாங்கிப் படி. அதில் டச்சப், அண்டர்பாடி கோட்டிங் என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதே. கதவு மடிப்பு, சக்கர வளைவு சீலர் இரண்டையும் பெயர் சொல்லி எழுதச் சொல். எழுதினதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அப்பாவிடம் காட்டிவிட்டு உடனே கூப்பிடுகிறேன், அப்புறம் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அம்மா