திரைக்குப் பின்னால் குறட்டை

மச்சானுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, பிசினஸ் கிளாஸில் திரைக்குள்ளே யூனிஃபார்ம் போட்ட ஒருவர் குறட்டை விட்டதைப் பார்த்துப் பதறிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். பயப்படாதே. எங்களைப் போன்ற பைலட்டுகளுக்குத் தூக்கமும் டூட்டிதான்.

2014 ஜனவரியிலிருந்து இங்கே அமெரிக்காவில் இருக்கும் விதிப்படி, பறக்கும் நேரம் எட்டு, ஒன்பது மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றாவது பைலட் வேண்டும். பதின்மூன்றைத் தாண்டினால் நான்கு பேர். எங்கே படுக்கிறோம் என்பதில் மூன்று வகுப்பு. பயணிகளிடமிருந்து விலகி, வெளிச்சத்தையும் சூட்டையும் நாமே கூட்டிக் குறைக்கிற படுக்கை முதல் வகுப்பு. நீ பார்த்தது இரண்டாவது: கேபினிலேயே, கிட்டத்தட்ட மல்லாந்து படுக்கிற சீட், சுற்றித் திரை. மூன்றாவதில் 40 டிகிரி சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

என் வயிற்றெரிச்சல் இதுதான். காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள் டூட்டி ஏறினால், மூன்று பைலட் போகும்போது முதல் வகுப்புப் படுக்கை இருந்தால் டூட்டி அதிகபட்சம் 17 மணி நேரம், திரை போட்ட சீட் என்றால் 16.5. அரை மணிதான் வித்தியாசமாம்! போயிங் 777 விமானத்தில் காக்பிட்டுக்குப் பின்னால் குறுகலான படி ஏறினால் கூரைக்கடியில் படுக்கை. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும், ஆனால் சத்தமே இருக்காது. திரைக்குள்ளே படுத்தால் டிராலி உருளுவது, தட்டு மோதுவது, பக்கத்துக் குழந்தையின் அழுகை எல்லாம் காதுக்குள்தான்.

போன மாதம் அந்தச் சீட்டே முழுசாகச் சாயாமல் மக்கர் செய்தது. முழுசாகச் சாயாவிட்டால் மூன்றாம் வகுப்பு, அதாவது டூட்டி 15 மணி நேரம்தான். அன்றைக்கு எங்கள் டூட்டிக் கணக்கோ 14 மணி 20 நிமிடம். மெக்கானிக் நோண்ட நோண்ட அந்த 40 நிமிடமும் கரைந்துகொண்டிருந்தது. கேப்டன் வாட்சைப் பார்க்கிறார், நான் கேப்டனைப் பார்க்கிறேன். கடைசியில் சீட் இடுக்கிலிருந்து ஒரு டீ ஸ்பூன் வந்தது!

தரையிறக்குகிறவருக்கு டூட்டியின் பின்பாதியில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தாக வேண்டும். அதனால் மூன்றாவது ஆளான எனக்கு எப்போதும் கிளம்பியதுமே வரும் முதல் ஓய்வுதான். இப்போதுதானே எழுந்து குளித்துச் சாப்பிட்டு வந்தேன், தூக்கம் எங்கிருந்து வரும்? கண்ணை மூடிக்கொண்டு நம் ஊர்ப் பெயர்களை எண்ணுவேன்.

அடுத்த தடவை திரை போட்ட சீட்டைப் பார்த்தால், பக்கத்து டாய்லெட் கதவை மட்டும் கொஞ்சம் மெல்லச் சாத்து.

உன் கடைசி பெஞ்சுக்காரன்