வேதாரண்யத்து உப்புக்கு ஒரு முதலீடு: தொழில் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழில், முதலீட்டு ஊக்குவிப்புத் துறையினருக்கு,

வணக்கம்.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் ஆனதாக அறிவித்தீர்கள். சந்தோஷம். தூத்துக்குடிக்கு மின்சார கார் ஆலையும் வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களான எங்களிடம் 'உங்க ஊருக்கு என்ன வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. வருவது இருக்கட்டும். எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு தொழிலைப் பற்றித்தான் இந்த மடல்.

பெரிய ஆலைகள் இங்கே வராததில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் எங்கள் மாவட்டமும் இருக்கிறது. உருக்காலையும் தோல் பதனிடும் ஆலையும் இங்கே புதிதாக வர முடியாது, வரவும் வேண்டாம். ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி 'நாகைக்கு எதுவும் செய்ய முடியாது' என்று ஒதுங்கிவிடாதீர்கள். உப்புக்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது வேதாரண்யத்தில். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திதான். வெயில் ஏறும் முன்பே வாரத் தொடங்கிவிடுவார்கள். உப்பு நீரில் ஊறிய பாதம் வெடித்திருக்கும். வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் கண் கூசும். தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவந்து அம்பாரமாகக் குவிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான் என்று தோன்றும். அக்டோபரில் மழை இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தைக் குறை சொல்லவில்லை. அதை வைத்து எத்தனை நாள் அடுப்பெரியும் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குவித்த உப்பு என்ன ஆகிறது? பத்து ஏக்கர் குத்தகைக்காரரிடம் கிடங்கு கிடையாது. பனை மட்டையும் தார்ப்பாயும் போட்டு மூடுவார். மழை நெருங்க நெருங்க வியாபாரி சொல்வதுதான் விலை. நிலம் அரசுடையது, இவர் வெறும் குத்தகைதாரர். நிலத்தை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்க வழியில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பாத்திகளில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியபோது, அதை அள்ளிப் போடக்கூடப் பலர் வட்டிக்கு வாங்கினார்கள்.

அடுத்தது அயோடின். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் கழுவி, அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போடும் இயந்திரம் சிறு உற்பத்தியாளரிடம் இல்லை. அதனால் கல் உப்பாகவே கிளம்புகிறது. கூடுதல் காசு வேறு ஊர்க்காரர் கைக்குப் போகிறது. இதற்கு வழி தெரியாதவர்கள் இல்லை நீங்கள். உங்கள் அரசின் நிறுவனமான தமிழ்நாடு உப்புக் கழகம் 2022இல் 'நெய்தல்' என்ற பெயரில் உப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கழகத்தின் உப்பளம் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் இருக்கிறது. அதே பெயரில் எங்கள் சிறு உற்பத்தியாளர்களின் உப்பையும் வாங்கி விற்றால் என்ன? வேதாரண்யத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பக்கத்திலேயே மழை நனையாத கிடங்கு, கிடங்கில் வைத்த உப்புக்குத் தரும் ரசீதை ஈடாகக் கொண்டு கடன். ஒரு கார் ஆலைக்கு நீங்கள் தரும் சலுகையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் உப்புக்கல் அளவுகூட இல்லை.

அப்புறம் ரயில். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப் பாதையில் 2023 ஏப்ரலில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் பழைய வேலையே உப்பு ஏற்றுவதுதான். உப்பு மாதிரி விலை குறைந்த, எடை மிகுந்த சரக்கில் லாபத்தை லாரி வாடகையே தின்றுவிடும். வேகனும் சரக்குக் கொட்டகையும் ஒழுங்காகக் கிடைக்க ரயில்வேயிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நாங்கள் மனு கொடுத்தால் சீல் குத்தித் தருவதோடு சரி.

இன்னொன்று. உப்பு படிந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம், பொட்டாஷ், புரோமின் எல்லாம் இருக்கின்றன. நம் நாடு பொட்டாஷ் உரத்தை இறக்குமதி செய்கிறது. பக்கத்து நெல் வயலுக்கு அந்த மூட்டைதான் வருகிறது. இந்த நீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் தொழில்நுட்பத்தை பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதன் கிளை மண்டபத்தில் இருக்கிறது. சின்ன அளவில் ஒரு சோதனை ஆலை வைத்துப் பார்க்கலாமே. அதற்காகச் சதுப்பு நிலத்தில் ஒரு அடிகூடக் கை வைக்க வேண்டாம். பக்கத்துக் கோடியக்கரை 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று பட்டியலிட்ட ஈரநிலம். அங்கே பறவைகளுக்கு இருக்கும் இடமே குறைவு. இருக்கும் பாத்திகளே போதும்.

'உப்பு மத்திய அரசின் கீழ் வருகிறது, நிலமும் உப்புத் துறையுடையது' என்று பதில் வரும். தெரியும். அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் அலைந்து தேய்ந்தவர்கள் நாங்கள். கிடங்கும், கடனும், அயோடின் இயந்திரமும், கழகத்தின் கொள்முதலும் உங்களால் முடிகிறவைதானே?

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர் இது. ஒவ்வொரு ஏப்ரல் 30 அன்றும் அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு மாலை போட்டு, ஒரு பிடி உப்பு அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த முறை வருகிறவர்கள் அப்படியே நாலு எட்டு நடந்து பாத்திப் பக்கமும் வரட்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான்: இந்த ஆண்டு மழை தொடங்குவதற்குள் தொழில் துறை, உப்புத் துறை, ரயில்வே, வங்கி நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். கூட்டம் சென்னையில் வேண்டாம், வேதாரண்யத்தில் நடக்கட்டும். குத்தகைக்காரர்களோடு உப்பு வாரும் பெண்களையும் கூப்பிடுங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் வையுங்கள், அதற்கு முன் அவர்கள் பாத்தியை விட்டுக் கரையேற மாட்டார்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யத்துக்காரர் ஒருவர்