மின்சாரம் போய்வந்தால் நேர மண்டலத்தை மறக்கும் சுவிட்ச் குறித்த புகார்

அனுப்புநர்: உரிமையாளர், பாரம்பரிய வீட்டு விடுதி, கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அலுவலர்.

பொருள்: 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்சின் (இணையக் கருவிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டி) கடிகாரக் கோளாறு, நான்காவது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டின் கனத்த சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி வைஃபை செல்லாது என்பதால், கட்டுக்குக் கட்டு ஒரு வைஃபை கருவி பொருத்தி, அனைத்துக்கும் தங்கள் சுவிட்சிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் கொடுத்துள்ளோம். வீட்டின் நடு முற்றமான வளவில் ஒருவர் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கும். ஆகவே அங்குள்ள கருவி மட்டும் இரவு 11 மணிக்கு அணைந்து காலை 5 மணிக்கு எரியுமாறு சுவிட்சில் நேரம் குறித்தோம்.

மின்சாரம் ஒருமுறை போய்வந்தால் சுவிட்ச் 1970 ஜனவரி 1-இல் விழித்து, பிறகு இணையத்திலிருந்து என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை மூலம் நேரத்தைப் பெற்றுக்கொள்கிறது. அதில் குறையில்லை. ஆனால் என்டிபி தருவது யூடிசி எனும் உலகப் பொது நேரம் மட்டுமே. இந்திய நேரத்துக்கு அதனுடன் 5:30 மணியைக் கூட்ட வேண்டியது சுவிட்சின் பொறுப்பு. நான் 5 மணி, 30 நிமிடம் என்று பதிந்து, சுவிட்ச் மீண்டும் இயங்கும்போது படிக்கும் தொடக்க அமைப்பிலும் சேமித்த பின்னரும், அது 0:00-க்கே திரும்பிவிடுகிறது. விளைவாக, வளவின் வைஃபை அதிகாலை 4:30-க்கு அணைந்து 10:30-க்குத்தான் உயிர்பெறுகிறது. காலைப் பலகாரத்துக்கு வளவில் அமரும் விருந்தினர் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தலைமுறைகளாகச் சேர்த்த பெயர் இந்த ஒரு பெட்டியால் போயிற்று.

தங்கள் கருவியைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள் என்று நம்பித்தான் தொலைபேசியில் அழைத்தேன். முதலாமவர் கோடைகால நேரத்தை இயக்கச் சொன்னார். இந்தியாவில் அப்படி ஒன்று நடைமுறையில் இல்லை. இரண்டாமவர் மண்டலத்தை 5 என்று வைத்து, அரை மணியைக் கையால் கூட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஒத்திசைவில் என்டிபி அதை அழித்துவிடும் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மூன்றாமவர், "அரை மணி நேரம்தானே சார், உங்க ஊர்ல யாரு கடிகாரம் பார்க்குறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என் பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அந்த ஊருக்கு இன்றும் 6:30 கணக்கு, நேபாளத்துக்கு 5:45. அரை மணியும் முக்கால் மணியும் உலக வழக்கில் இருக்கும்போது, தங்கள் ஊழியருக்கு மட்டும் அது எங்கள் ஊரின் அறியாமையாகத் தெரிகிறது.

இதற்கு முன்பே, சுவிட்சைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் மதுரை சேவை மையத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் மண்டலத்தைப் பதிந்து, திரையில் சரியான நேரம் வந்ததும், "நல்லாத்தானே இருக்கு" என்று என்னிடமே நீட்டினார். ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள் என்று கெஞ்சியும், அது தங்கள் சோதனை முறையில் இல்லையாம். கோளாறே பிளக்கைப் பிடுங்கினால்தானே வருகிறது? ஒரு நாள் முழுவதும் பாழாயிற்று.

தாங்கள் நல்ல நிறுவனம் என்றே இன்னும் எண்ணுகிறேன். 15 நாட்களுக்குள் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டும். இயலாவிடில் மாற்றுச் சுவிட்ச் அல்லது முழுத் தொகை தரக் கோருகிறேன். மூன்றாமவரின் வருத்தம் எழுத்தில் வேண்டும். தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணோடு நிற்க மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நான் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட இடம் தருவதால், சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். வணிகப் பயன்பாடு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். இது என் பிழைப்புக்காக நானே நடத்தும் தொழில்.

இதை எழுதும்போது சுவர்க் கடிகாரத்தில் காலை 9:10, சுவிட்சில் 3:40. இரண்டும் ஒன்றாகத் தெரியும் படத்தை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்