பூட்டிய வளவுகளை விருந்தினருக்குத் திறப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் மட்டும் திறக்கிற, வளவு என்று நாம் சொல்லும் பெரிய வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே சேர்ந்துவிட்டன. ஆனால் வருகிறவர்களில் பலர் வெளிச்சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஆட்கள் வந்து போகவென்றே கட்டிய வீடுகள் இவை. மாதம் ஒருமுறை, வருகிற ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு, ஓர் இரவுத் தங்கல் என்ற அளவில் தொடங்கினால் வீடும் பிழைக்கும், நம் பிள்ளைகளுக்கும் விருந்தோம்பல் கைவரும்.

முதலில் பங்காளிகளோடு பேசிவிட வேண்டும். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். எந்த அறை, எந்த நாள், கரண்டுக்கு யார் கட்டுவது, சாமி வீடும் சாமான் அறையும் பூட்டியே இருக்கும் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் மனஸ்தாபத்தில்தான் முடியும்.

ஐப்பசி மழைக்கு முன்பே வளவின் நடு முற்றத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் கூரை சேரும் இடத்துத் தகர ஓடையைத் துப்புரவாக்க வேண்டும். சருகு அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பி, பர்மா தேக்குச் சட்டத்தை உளுத்துப்போகச் செய்துவிடும். ஆள் புழங்காத வீட்டில் இதைக் கவனிக்க யாரும் இருப்பதில்லை. தரையில் பதித்திருக்கும் வண்ண ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. வண்ணமும் சிமெண்டும் மணலும் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாக்கியது. கழிவறை ஆசிட் பட்டால் நிறம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தாலே பளபளக்கும். எண்ணெய் கூடினால் வழுக்கும். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும்.

கழிவறை மூன்றாம் கட்டுக்கு (வீட்டின் பின்பகுதிக்கு) அப்பால் இருந்தால், வழி நெடுக இரவு விளக்கு போடுங்கள். வயதானவர்கள் தடுக்கி விழுவது உயர்ந்த நிலைப்படிகளில்தான்.

சாப்பாட்டில் பலரும் கல்யாணப் பந்தி மாதிரி இருபது வகைக்குப் போய்விடுகிறார்கள். செலவும் அசதியும் ஏறி, அடுத்த மாதம் கதவு திறக்காது. மாலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் போதும். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாய் எவ்வளவு உளுந்து நிற்கிறதோ அவ்வளவு சேர்த்து, இரண்டு மணி நேரம் ஒன்றாக ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். உப்பு, அரைக் கரண்டி சர்க்கரை சேர்த்து, கொஞ்சம் பால் விட்டு, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்து உடனே ஊற்ற வேண்டும். புளித்துவிட்டால் எண்ணெய் குடிக்கும். மாவு கெட்டியாக இருந்தால் பணியாரம் கல்லாகும், நீர்த்தால் தட்டையாகும். தீ கூடினால் சிவந்துவிடும், குறைந்தால் மறுபடி எண்ணெய்தான். காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி, தானே எழும்பியதும் திருப்பி, வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆச்சிமார் இதைக் கைப்பதத்தில் செய்கிறார்கள். பேத்திகளும் பேரன்களும் பக்கத்தில் நின்றால்தான் அந்தப் பதம் பிடிபடும்.

பரிமாறுவதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். வந்தவரை வாசலிலேயே "வாங்க" என்று கூப்பிட்டு, முதலில் தண்ணீர். டம்ளரில் முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் வாங்குகிறவர் கையில் சிந்தும். இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம். சோறு கொஞ்சமாக வைத்து, இரண்டாம் முறை கேட்டு வைப்பது நல்லது. கேட்கும்போது "போதுமா?" என்று கேட்கக்கூடாது, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றவரை வற்புறுத்தி இலையை நிரப்புவதும் உபசாரம் ஆகாது. காரம் ஒத்துக்கொள்ளுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டார் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பணம் வாங்காத விருந்தாளி என்றாலும் இது பொருந்தும்.

சித்திரை வெயிலில் தொடங்க வேண்டாம். அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும் நாட்களாகப் பார்த்து முதல் விருந்தினரை அழையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள், காரைக்குடி