பொம்பா (தீயணைப்பு) வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முன்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசிய அரசாங்க வேலைகளில் நம் இந்தியப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டு வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். விண்ணப்பமே போடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது பாதி உண்மைதான். விண்ணப்பம் போட்டு, அழைப்பும் வந்து, சோதனை நாளில் தோற்றுத் திரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர் வேலை. பொம்பாவில், அதாவது தீயணைப்பு மீட்புத் துறையில், சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு பெண்ணின் தாய்.

என் மகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். இடைநிலைப் பள்ளியில் கேடட் பொம்பா என்ற மாணவர் தீயணைப்பு அணியில் இருந்தாள். தண்ணீர்க் குழாயை எப்படிச் சுருட்டுவது, கயிற்றில் எந்த முடிச்சை எதற்குப் போடுவது என்றெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டாள். வீட்டில் துணி காயப்போடும் கயிறு முழுக்க அவள் முடிச்சுதான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முதலில் சிலர் நினைத்தார்கள். ஆனால் நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட். முதுகுப்பையில் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு அவள் தினமும் மாலையில் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, நர்ஸுக்குப் போகச் சொல்லேன்" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங்கில் ஒரு பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த பையனைத் தேடி இறங்கிய 6 தீயணைப்பு வீரர்கள் நீரோட்டத்தில் சிக்கி இறந்துபோனார்கள். ஆறு பேரும் நீர் மீட்புப் பயிற்சி பெற்றவர்கள். அந்தச் செய்தியை நான் இரவு சிஃப்ட் முடிந்து வந்து படித்தேன். பெற்றவளுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் 2017 நவம்பரில் பினாங்கையே புரட்டிப் போட்ட வெள்ளத்தில், எங்கள் தரைமாடியில் இருந்த பாட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனதும் இதே உடை போட்ட பிள்ளைகள்தான். யார் பெற்ற பிள்ளையோ, அந்த இரவில் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நம் பிள்ளை மட்டும் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா குடும்பம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கிறது. அக்கா மகனும் இதே ஆசையோடு வளர்ந்தவன். அங்கே ஒரு சமூகக் கல்லூரியில் தீயணைப்பு வீரர் பயிற்சிக்கு இடம் கிடைத்து இப்போது படிக்கிறான். என் மகளுக்கும் அவனுக்கும் வாட்ஸ்அப்பில் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க, நம் பக்கத்தில் என்ன இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அங்கே சமூகக் கல்லூரியில் சேருவது கஷ்டம் இல்லை. 18 வயது ஆன யாரும் சேரலாம். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம், பாட அளவைக் கணக்கிடும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். ஆனால் தீயணைப்புப் பயிற்சி வகுப்பு அப்படி இல்லை. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். பூட்ஸ், சீருடை செலவும் தனி. பல கல்லூரிகளில் அவசர மருத்துவ உதவியாளர் படிப்பை முதலில் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அங்கே தீயணைப்பு வண்டிக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சாலை விபத்து மாதிரியானவைதானாம். அதனால் நெருப்பை அணைக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே, நின்றுபோன இதயத்தை அழுத்தி உயிர் கொடுக்கக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

அப்புறம் உடல்தகுதிச் சோதனை. அதற்கு சிபேட் (CPAT) என்று பெயர். சுமார் 22.7 கிலோ எடையுள்ள மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். முதலில் படி ஏறும் இயந்திரத்தில் 3 நிமிடம். அந்த நேரத்துக்கு மட்டும் தோள்களில் இன்னும் 11.3 கிலோ ஏற்றுவார்கள். அதை முடித்ததும் தண்ணீர்க் குழாயை இழுப்பது, கருவிகளைத் தூக்கி நடப்பது, ஏணியை நிமிர்த்துவது, சம்மட்டியால் அடிப்பது என்று வரிசையாக வரும். 64 அடி நீளமுள்ள இருட்டுப் பெட்டிக்குள் வளைந்து வளைந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும். 75 கிலோ பொம்மையை இழுத்துப் போக வேண்டும். கடைசியில் கூரையைக் கம்பால் குத்தி இழுக்க வேண்டும். மொத்தம் 8 வேலை, 10 நிமிடம் 20 விநாடி. ஒரு விநாடி கூடினாலும் தோல்விதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடக்கூடாது, நடந்துதான் போக வேண்டும்.

இதைக் கேட்டு நான் மலைத்துப் போனேன். ஆனால் எனக்கு மனசில் நின்றது அடுத்து அவன் சொன்னதுதான். சோதனைக்கு முன்பே அந்தக் கருவிகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். ஏணி இப்படி, குழாய் இப்படி, இந்த இடத்தில்தான் முதுகு பிடிக்கும் என்று பயிற்றுநர் நின்று காட்டுவார். பிறகு நேரம் பிடித்து ஒத்திகை பார்க்கவும் வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனை தங்களுக்குப் பாதகமாக இருக்கிறது என்று பெண்கள் முறையிட்ட பிறகுதான் இந்த ஏற்பாடு உறுதியானதாம். ஏணியின் எடையும் குறையவில்லை, நேரமும் கூடவில்லை. என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை முன்பே காட்டிவிட்டார்கள். அந்த ஒன்று போதும், நிறையப் பிள்ளைகள் கரையேறிவிடுவார்கள்.

நம் நாட்டு வழி வேறு. இங்கே பொதுச் சேவை ஆணையத்தின், அதாவது எஸ்.பி.ஏ.வின், இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். எழுத்துத் தேர்வு, உடல்தகுதிச் சோதனை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டி வேலைக்கு எடுத்த பிறகுதான் கோலகுபு பாரு போன்ற இடங்களில் உள்ள பொம்பா கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இதில் ஒரு நல்லதும் உண்டு. அமெரிக்காவில் என் அக்கா மகன் படிப்பை முடித்தாலும் வேலை உறுதி இல்லை. ஒவ்வொரு ஊர் தீயணைப்புத் துறைக்கும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் இல்லை. பயிற்சிக்குள் காலடி வைக்கும்போதே அரசாங்க ஊழியர். ஆனால் அதனாலேயே, வடிகட்டுவது எல்லாம் வாசலிலேயே நடந்துவிடுகிறது. வாசல் வரைக்கும் வந்து சேரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

எங்கள் பிளாட்டில் ஒரு பையனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நல்ல உடற்கட்டு, கால்பந்து ஆடுவான். எல்லாம் தாண்டிப் போன பிறகு கண் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்தது. பச்சையையும் சிவப்பையும் அவனால் பிரித்துப் பார்க்க முடியாதாம். அது இருந்தால் இந்த வேலை இல்லை. பள்ளி நாட்களிலேயே யாராவது ஒரு கண் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தால் அவன் அவ்வளவு காலத்தை வேறு எதற்காவது செலவழித்திருப்பான். இன்னொரு பிள்ளை ஓட்டத்தில் விழுந்தாள். அவள் பயிற்சி எடுத்ததெல்லாம் ஜிம்மில் ஓடும் இயந்திரத்தில். வெயிலில், மைதானத்தில், பக்கத்தில் நிறையப் பேர் ஓடும்போது வேகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கிவிட்டது. இன்னும் சிலர் நேர்முகத்தில் மலாயில் பேச வந்தபோது வாயடைத்துப் போகிறார்கள். எழுதச் சொன்னால் அழகாக எழுதுவார்கள், அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்த இடைவெளியில் புகுந்து சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். "உள்ளே ஆள் இருக்கிறது, முன்பணம் கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடலாம்" என்று ஒருவர் எங்கள் வட்டாரத் தாய்மார்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் ஏமாற வேண்டாம். எஸ்.பி.ஏ.வில் பதிவு செய்யக் காசு கிடையாது. பணம் கேட்டால் அது மோசடி, அவ்வளவுதான். போலீஸில் புகார் கொடுங்கள்.

இப்போது என் வேண்டுகோள். நம் நாட்டிலும் 2001 முதல் சமூகக் கல்லூரிகள் நடக்கின்றன. பினாங்கு மாநிலத்தில் பாயான் பாரு, கெப்பாலா பத்தாஸ், செபராங் ஜெயா, நிபோங் திபால் ஆகிய இடங்களில் இருப்பது எனக்குத் தெரியும். சான்றிதழ் படிப்புகளோடு, பொதுமக்களுக்கான குறுகியகால வகுப்புகளும் நடத்துகிறார்கள். கேக் செய்ய, தைக்க, கணினி பழக என்று குறைந்த கட்டணத்தில் நம் பெண்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். அதே வார இறுதியில், அதே மாதிரிக் கட்டணத்தில், பொம்பாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முன்பயிற்சி வகுப்பு ஏன் நடத்தக் கூடாது?

பொம்பா கழகம் செய்யும் வேலையைக் கல்லூரி செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. வாசலைத் தாண்ட வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் நாளே உயரம், எடை, கண் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். தகுதி இல்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், வேறு வழியைப் பார்க்கலாம். பிறகு மைதானத்தில் நேரம் பிடித்து ஓட்டம். எடையைச் சுமந்து படி ஏறுதல். கண்ணை மறைத்துத் தவழ்தல். உயரத்தில் ஏணியில் நின்று கீழே பார்த்தால் கால் நடுங்குகிறதா என்பதை அங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்த நடுக்கம் சிலருக்குப் பழகினால் போய்விடும், சிலருக்குப் போகாது. முதலுதவிச் சான்றிதழுக்கு செம்பிறைச் சங்கத்தையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸையோ அழைக்கலாம். நேர்முகத்துக்கு மலாயில் பேசும் ஒத்திகை கட்டாயம் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற பொம்பா அதிகாரிகள் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள் என்று நம்புகிறேன்.

இதை இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லா இனப் பிள்ளைகளும் வரட்டும், சேர்ந்து ஓடினால்தான் நம் பிள்ளைகளுக்கும் கூச்சம் போகும். ஆனால் அறிவிப்பு நம் ஆட்கள் கண்ணில் படும் இடத்துக்கு வர வேண்டும். கல்லூரியின் முகநூல் பக்கத்தில் மலாயில் போட்டுவிட்டு, இந்தியர்கள் யாரும் வரவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் வரட்டும், கோயில் அறிவிப்புப் பலகையில் வரட்டும். வாடகைக்கும் கட்டணத்துக்கும் திணறும் குடும்பங்களுக்கு இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா போன்ற அமைப்புகள் கை கொடுக்கலாம். கோயில் நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். திருவிழா நாட்களில் நம் கோயில்களில் தீ விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ள யாரைக் கூப்பிடுகிறீர்கள்? அந்தத் துறைக்கு நம் பிள்ளைகளை அனுப்ப நீங்களும் மண்டபத்தை ஒரு ஞாயிறு காலை திறந்துவிடலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கேடட் பொம்பாவில் பிள்ளை சேர்ந்தால் "படிப்பு கெடும்" என்று தடுக்காதீர்கள். என் மகளுக்குப் பள்ளியில் மலாய் பேச வந்தது அந்த அணியில்தான், வகுப்பில் இல்லை.

நம் சட்டமன்ற உறுப்பினர்களும் சமூகக் கல்லூரி நிர்வாகிகளும் இந்தக் கடிதத்தைப் படித்தால், ஒரே ஒரு கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பாவது தொடங்கிப் பாருங்கள். எஸ்.பி.ஏ. பொம்பா வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும்போதெல்லாம், அதன் கடைசித் தேதியையும் தகுதிகளையும் ஆசிரியர் அவர்கள் தமிழில் தெளிவாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், பட்டர்வொர்த், பிறை பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண் பயிற்றுநர் யாராவது இருந்தால் இதே பகுதியில் எழுதுங்கள். என் மகளோடு சேர்ந்து கற்றுக்கொள்ள இன்னும் சில பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு