கிட்னியில் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிட்னியில் வரும் சிறிய கட்டிகளை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னத் தழும்பு, குறைந்த வலி, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. ஆனால் கட்டியோடு சேர்த்துக் கிட்னியில் எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் தியேட்டர் செவிலியராகப் பல காலம் வேலை பார்த்தவள் நான். இதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பித்தப்பைக் கல், முதுகுவலி என்று எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், கிட்னியில் கட்டி இருப்பதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டை நீட்டி, "அக்கா, இதைத் துளை போட்டே எடுத்துரலாமா, கிழிக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிட்னி மிஞ்சுமா என்று கேட்பவர் அபூர்வம்.

4 செ.மீ.க்குள் இருக்கும் கட்டி என்றால், பெரும்பாலும் முழுக் கிட்னியை எடுக்க வேண்டியதில்லை. கட்டியையும் அதை ஒட்டிய கொஞ்சம் சதையையும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தைத்துவிடலாம். இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை என்று எடுத்த பிறகு பயாப்சியில் தெரியவரும். அதற்காக ஒரு முழுக் கிட்னியை இழந்தவரை நினைத்துப் பாருங்கள்.

கட்டியை மட்டும் எடுப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது. வெட்டும்போது ரத்தம் கொட்டாமல் இருக்க, கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்துவார்கள். அந்த நொடியிலிருந்து தியேட்டரில் பேச்சு நின்றுவிடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "பத்து நிமிஷம்", "பதினஞ்சு நிமிஷம்" என்று குரல் கொடுப்பது எங்கள் வேலை. ரத்தம் இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிட்னிக்குக் கேடு. வயிற்றைத் திறந்து செய்யும்போது கிட்னியைச் சுற்றி நொறுக்கிய ஐஸைப் போட்டு அதைக் குளிர வைக்கலாம், கையால் சட்டென்று தைக்கலாம். துளை வழியாக நீளக் கம்பிக் கருவிகளை விட்டுத் தைப்பது அப்படி அல்ல. நல்ல பழக்கம் உள்ள கைக்கும் நேரம் பிடிக்கும்.

2007-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய மருத்துவமனைகள், கட்டியை மட்டும் எடுத்த 1,800 ஆபரேஷன்களை ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டன. லேப்ராஸ்கோப்பியில் செய்துகொண்டவர்கள் சராசரியாக 3.3 நாளில் வீடு போனார்கள், திறந்து செய்துகொண்டவர்களுக்கு 5.8 நாள். ரத்த இழப்பும் லேப்ராஸ்கோப்பியில் குறைவு. ஆனால் கிளாம்ப் போட்டிருந்த நேரம் 30.7 நிமிடம், திறந்த முறையில் 20.1. பின்னால் வரும் சிக்கல்களும் லேப்ராஸ்கோப்பியில்தான் கூடுதல். இத்தனைக்கும், சிக்கலான கட்டிகளும் ஒற்றைக் கிட்னிக்காரர்களும் திறந்த முறையில்தான் அதிகம் இருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் இரண்டு பக்கமும் 99 சதவீதத்துக்கு மேல். அப்புறம் ரோபோ கருவிகள் வந்து துளை வழித் தையலை எளிதாக்கிவிட்டன. ஆனால் செலவு ஏறிவிட்டது.

துளை முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. விலா எலும்பை ஒட்டிக் கிழித்தால் இருமவும் மூச்சை இழுத்துவிடவும் பல நாள் வலிக்கும். சிலருக்கு அந்தப் பக்கம் மரத்துப்போய்ப் புடைத்துக்கொண்டே இருக்கும். பனையும் தென்னையும் ஏறிப் பிழைக்கிற எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆட்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கட்டியை மட்டும் துளை வழியாகவே எடுக்கத் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும்.

துளை போட வேண்டும் என்பதற்காகவே முழுக் கிட்னியையும் எடுத்துவிடுவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. முழுதாக எடுப்பது துளை வழியாக எளிது, கட்டியை மட்டும் எடுப்பது கடினம். எங்களுக்குத் தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் கிட்னியின் கீழ் முனையில், வெளியே துருத்திக்கொண்டு 3 செ.மீ. கட்டி. பழைய சர்க்கரை நோயாளி. சின்னத் தழும்போடு சந்தோஷமாகத்தான் வீடு வந்தார். கிட்னி முழுதாகப் போய்விட்டது என்பது டிஸ்சார்ஜ் சீட்டை நான் படித்துச் சொன்ன பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் இப்போது 2-ஐத் தாண்டி நிற்கிறது. கட்டியை மட்டும் எடுக்க வழியிருக்கும்போது, திறந்தாவது அதைத்தான் செய்ய வேண்டும், துளை முறைக்காக முழுக் கிட்னியை எடுக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டி நடுவில் இருந்தால் முழுதாக எடுப்பதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். சரி, அதை முன்கூட்டியே சொல்லட்டும். வயதானவர்களுக்கு, மிகச் சிறிய கட்டி என்றால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும் என்ற நிலையும் உண்டு.

எல்லைப் பகுதியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். பாலக்காடு, திருச்சூர் பக்கம் போனால் சம்மதப் படிவம் மலையாளத்தில் இருக்கும், ஆபரேஷன் பெயரை ஆங்கிலத்தில் கையால் எழுதியிருப்பார்கள். அதில் 'பார்ஷியல்' என்றிருந்தால் கிட்னியின் ஒரு பகுதி, 'ராடிக்கல்' என்றிருந்தால் முழுக் கிட்னி. கையெழுத்துப் போடும் முன் அந்த வார்த்தையைக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முழுதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். திறந்து செய்தால் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். நேரம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் ஸ்கேனைக் காட்டலாம். இந்த அளவுக் கட்டிக்குச் சில வாரம் பொறுப்பதால் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்த இதழில் ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் இதையெல்லாம் கேட்டு எழுதினால், எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.